நாயக்கர், மங்கம்மாள், கான்சாகிப்: அப்பா காதால் கேட்க இலவசமாக என்ன கிடைக்கும்?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 74, முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக ஓடியவர். சர்க்கரையால் கண் மோசமாகி இப்போது பேப்பரில் தலைப்பு எழுத்து மட்டும்தான் தெரிகிறது. டிவி சீரியல் அவருக்கு ஆகாது. ரிட்டயர் ஆனதிலிருந்து மதுரை வரலாறு என்று எது கிடைத்தாலும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது திண்ணையில் சும்மா உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார், அதுவும் சரியாகத் தெரியாமல்.

திருமலை நாயக்கர், ராணி மங்கம்மாள், கான்சாகிப் என்று மதுரையை ஆண்டவர்களைப் பற்றியும் நம்ம பக்கத்து எழுத்தாளர்கள் எழுதியதும் ஒலிப்புத்தகமாக இலவசமாகக் கிடைக்குமா? மாசச் சந்தா கட்டும் ஆப் ஒன்றில் தேடினேன், பணக்காரர் ஆவது எப்படி என்றுதான் வரிசையாக வந்தது. போன் சாதாரண ஆண்ட்ராய்டு. எனக்கும் பெரிய விவரம் கிடையாது, புரியும்படி சொல்லுங்கள்.

செல்லூர்த் தறி:

தம்பி, "ஒலிப்புத்தகம்" என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். நீங்கள் தேட வேண்டியது எழுத்தாக இருக்கும் இலவசப் புத்தகம். அதைப் போனே வாசித்துக் காட்டும். போன் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் உரையைப் பேச்சாக்கும் வசதி இருக்கும், அதில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இ-புக் வாசிக்கும் ஆப் ஏதாவது ஒன்று, சத்தமாக வாசிக்கும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து. வேகத்தை ஒரு புள்ளி குறைத்து வையுங்கள், வயசானவர்களுக்கு அதுதான் தோது.

புத்தகத்துக்கு முதலில் மதுரைத் திட்டம், அதாவது ப்ராஜெக்ட் மதுரை, தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் இணையதளம். பேரைப் பார்த்துவிட்டு ஆபீஸ் எங்கே, தல்லாகுளத்திலா சிம்மக்கல்லிலா என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி தொடங்கியது அது, உலகம் முழுக்கத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து சேர்த்தது. பழைய கோப்புகள் டிஸ்கி என்ற குறியீட்டிலும் இருக்கும், அதை எடுத்தால் போன் உளறும். யூனிகோடு என்று போட்டிருப்பதை எடுங்கள்.

இரண்டாவது விக்கிமூலம், விக்கிப்பீடியாவோடு சேர்ந்த இலவச நூல் தளம். நாட்டுடைமையான, அதாவது அரசு எல்லாருக்கும் பொதுவாக்கிய நூல்கள் அங்கே நிறைய. பக்க எண்களுக்குப் பின்னால் நிறம் இருக்கும்: பச்சை, மஞ்சள் என்றால் மனிதர் யாரோ மெய்ப்புப் பார்த்திருக்கிறார். சிவப்பு என்றால் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துத் தானாக எழுதிய எழுத்து, காதுக்குப் போனால் கொடுமை.

உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் போடுவது நா. பார்த்தசாரதியின் 'ராணி மங்கம்மாள்'. நாவல்தான், ஆனால் ஆள், இடம் எல்லாம் நம்ம ஊர். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, அதனால் வம்பில்லை.

வடக்குமாசி வாசகி:

செல்லூர் அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. யூடியூபில் ஆளே வாசித்த நாவல்கள் நிறைய இருக்கின்றன, நன்றாக வாசிப்பவர்களும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் அனுமதி வாங்காதது. ஒரு சேனலில் நாவல் ஒன்றை 31 அத்தியாயம் கேட்டேன், மறுநாள் போய்ப் பார்த்தால் மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள், கதை முடிவு தெரியாமல் ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. எழுதியவர் இறந்து 60 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், இல்லை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். கல்கியுடையது 1999இல் ஆனது, பாரதியுடையது 1949இலேயே. அந்த மாதிரி நூலாகப் பார்த்துக் கேட்டால் நடுவில் அறுந்து போகாது. இன்று கடையில் விற்கும் புத்தகத்தை இலவசமாகக் கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், எழுதுகிறவர்களும் சாப்பிட வேண்டும்.

கான்சாகிப்புக்குத் தமிழில் எனக்குத் தெரிந்து கதைப்பாடல் இருக்கிறது, 'கான்சாகிபு சண்டை', நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் போட்டது. ஆங்கிலம் பரவாயில்லை என்றால் எஸ். சி. ஹில் 1914இல் யூசுப் கானைப் பற்றி (கான்சாகிப்பின் இயற்பெயர் அதுதான்) எழுதிய தனிப் புத்தகம், பழைய புத்தகங்களைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் ஸ்கேனாகக் கிடக்கிறது. நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மேனுவல் என்ற ஜில்லா விவர நூலும் அங்கேயே. இரண்டையும் நீங்கள் படித்து அப்பாவுக்குத் தமிழில் சொல்லலாம். 1764 அக்டோபரில் கான்சாகிப்பைத் தூக்கில் போட்ட கதையை சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா பக்கம் போகும்போது சொன்னால் இன்னும் நல்லது.

திருமங்கலத்தான்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மங்கம்மாள் கிடைத்தது, ஓடுகிறது. முதல் அத்தியாயத்திலேயே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில்வே ஜங்ஷன் எதிரில் மங்கம்மாள் சத்திரம் பக்கத்தில் எத்தனை தடவை ஆளை இறக்கிவிட்டிருப்பேன் என்று ஆரம்பித்து, வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே முக்கால் மணி நேரம் பேசினார்.

ஆனால் நாயக்கர் பற்றி வேறு ஒரு தளத்தில் எடுத்த கட்டுரைத் தொகுப்பில் ஒரு தொல்லை. கண்ணால் பார்த்தால் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, போன் மட்டும் "நாயக்கர்" வருகிற இடத்தில் எல்லாம் தொண்டை அடைத்த மாதிரி "நாயக்கா" என்று முழுங்குகிறது. "அரசர்" போய் "அரசா". அப்பா, யாருடா இந்த நாயக்கா என்கிறார். போன் பழுதா?

செல்லூர்த் தறி:

போன் பழுதில்லை தம்பி. இது பழைய வியாதி. அந்தக் கோப்பில் ர் என்ற எழுத்துக்குப் பதில் துணைக்கால் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள். நாயக்கர் என்பதையும் நாயக்கா் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கண் ஏமாறும், காது ஏமாறாது. கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து, தேடி மாற்று என்று இருக்குமே, அதில் மேலே ா் போட்டு கீழே ர் போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நான் ஒரு புத்தகத்தில் மாற்றியபோது ஆயிரத்துச் சொச்சம் இடம். அதோடு பக்க எண்களையும் அடிக்குறிப்புகளையும் எடுத்துவிட்டால் நடு வாக்கியத்தில் "நூற்றுப் பதினேழு" என்று கத்தாது.

சங்கப் பாட்டை மட்டும் போனிடம் கொடுத்துவிடாதீர்கள். மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் ராத்திரிக் கடையும் வருகிற பகுதியை ஆசையாகப் போட்டேன். 782 அடியையும் போன் மளிகைச் சீட்டு மாதிரி வாசித்தது. அதற்கு மனுஷக் குரல் வேண்டும்.

விளாச்சேரி பொம்மைக்காரி:

யாருமே எங்கள் ஊர்க்காரரைச் சொல்லவில்லை! கொலு பொம்மை வாங்க மட்டும் விளாச்சேரி வருவீர்கள். பரிதிமாற் கலைஞர் 1870இல் இங்கே பிறந்தவர், சூரியநாராயண சாஸ்திரி என்ற பெயரைத் தமிழாக்கி வைத்துக்கொண்டவர், 33 வயதில் போய்விட்டார். அவருடைய 'தமிழ் மொழியின் வரலாறு' நாட்டுடைமை. நடை கொஞ்சம் கனமானது, காதால் கேட்டால் முதல் பத்து நிமிஷம் கஷ்டம், அப்புறம் பழகிவிடும்.

கதை கேட்கிற ஆளாக இருந்தால் அதைவிட ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. வத்தலக்குண்டுக்காரர், அவரும் 26 வயதில் 1898இல் இறந்துபோனவர். (நம்ம பக்கத்தில் நன்றாக எழுதியவர்களுக்கு ஆயுசு கம்மியோ என்னமோ.) கதை மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமத்தில் நடக்கிறது. ஊர் வம்பு பேசும் இடங்களைக் கேட்டு என் மாமியார் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தமிழ் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வருகிற இடத்தை அப்பாவுக்குத் தவறாமல் போடுங்கள். மதுரைத் திட்டத்திலேயே இருக்கிறது.

பாரதி 1904இல் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த வருஷம் மதுரையில் வந்த 'விவேகபானு' பத்திரிகையில் அவர் பாட்டு அச்சானது. பாரதி பாட்டுக்கு ஒலிவடிவம் தேடவே வேண்டாம், கொட்டிக் கிடக்கிறது.

வடக்குமாசி வாசகி:

அப்பாவுக்குப் பார்வைக் குறைபாட்டுச் சான்று இருக்கிறதா? இருந்தால் 'சுகம்ய புஸ்தகாலயா' என்று 2016இல் தொடங்கிய இணைய நூலகத்தில் பதிவு செய்யுங்கள், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கென்றே உள்ளது, தமிழிலும் உண்டு. நேரில் போவதென்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், பார்வை இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஏசியில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

திருமங்கலத்தான்:

அந்த ா் விஷயம் சரியாகிவிட்டது, 640 இடம் மாற்றினேன். நாயக்கர் இப்போது நாயக்கராகவே வருகிறார். சான்றுக்கு அடுத்த வாரம் போகிறோம். கமலாம்பாள் இறக்கி வைத்தாயிற்று, அம்மாவும் கேட்கிறேன் என்கிறார்.

இப்போது புதுப் பிரச்சினை. ராத்திரி மங்கம்மாள் கேட்டுக்கொண்டே அப்பா தூங்கிவிடுகிறார், போன் விடாமல் நாலைந்து அத்தியாயம் வாசித்துவிடுகிறது. காலையில் எழுந்து, கதையில் பாதியை வெட்டிவிட்டாய் என்று என்னிடம் சண்டை.

செல்லூர்த் தறி:

ஆப்பிலேயே தூக்க டைமர் இருக்கும் பாருங்கள், கடிகாரப் படம் போட்டிருக்கும். இருபது நிமிஷம் வையுங்கள்.

விளாச்சேரி பொம்மைக்காரி:

எங்கள் வீட்டில் பத்து நிமிஷமே அதிகம்.