மாவட்டச் சுற்றறிக்கைகளைப் புதிய சட்டங்களுக்கு ஏற்பப் புதுப்பிப்பது: எங்கே தொடங்குவது?

மாவட்டக் கோப்பு (கேள்வி)

வணக்கம். காவல் நிலையங்களுக்கு இதுவரை போன சுற்றறிக்கைகள், மெமோக்கள், அச்சுப் படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் புதுப்பிக்கும்படி எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு வந்தவை பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றங்களுக்கு), பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, நடைமுறைக்கு), பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷிய அதினியம், சாட்சியத்துக்கு) ஆகிய புதிய சட்டங்களின் பிரிவுகளோடு சரியாக உள்ளன. அதற்கு முந்தையவை பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்), சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) எண்களோடு இன்னும் நிலையங்களில் புழங்குகின்றன.

பழைய எண்களைக் கணினியில் தேடி மாற்றிவிட்டால் போதுமா? பழையவற்றை மொத்தமாக ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதுவது சரியா? இனிமேல் இவ்வளவு பின்தங்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

சட்டப்பிரிவு மேசை

தேடி மாற்றும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதலில் 154-ஐ 173 ஆக மாற்றுகிறீர்கள், முதல் தகவல் அறிக்கைக்கு அது சரி. அடுத்து 173-ஐ 193 ஆக மாற்றுகிறீர்கள், இறுதி அறிக்கைக்கு அதுவும் சரி. ஆனால் அந்த இரண்டாவது மாற்றம் சற்றுமுன் திருத்திய 173-ஐயும் சேர்த்து 193 ஆக்கிவிடும். சுற்றறிக்கையில் முதல் தகவல் அறிக்கை வரவேண்டிய இடத்திலெல்லாம் இறுதி அறிக்கையின் பிரிவு நிற்கும்.

மாற்றாமல் விட்ட எண்ணும் அதே அளவு ஆபத்துதான். சந்தேக மரணத்தை எல்லா நிலையங்களிலும் "174 கேஸ்" என்றே சொல்கிறோம். பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 194. அங்கே 174 என்பது பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றங்கள் பற்றிய தகவலைப் பதிவு செய்யும் பிரிவு. தடை உத்தரவுக்கான 144 இப்போது 163. புதிய 144 ஜீவனாம்சம். அமைதி காப்பதற்கான பிணை பற்றிய 107 இப்போது 126. புதிய 107 குற்றத்தால் ஈட்டிய சொத்தை முடக்குவது. பி.என்.எஸ். 302 என்று தவறி எழுதினால் அது கொலை ஆகாது, மத உணர்வைப் புண்படுத்தும் சொல் பற்றிய பிரிவாகிவிடும். கொலைக்கு 103(1).

எண் சரியாக இருந்தும் உள்ளடக்கம் மாறிய இடங்கள்தான் அதிகம் தவறிப்போகும். சாட்சியை நிலையத்துக்கு அழைக்கும் பழைய 160 இப்போது 179. இருப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டிய முதியோரின் வயது வரம்பு முன்பு 65, இப்போது 60. எண்ணை மட்டும் மாற்றிய சுற்றறிக்கை 62 வயதுக்காரரை நிலையத்துக்கு வரச்சொல்லும். கைதிலும் இப்படி ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) உடல்நலம் குன்றியவராகவோ 60 வயதைத் தாண்டியவராகவோ இருந்தால், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். இதைச் சொல்லும் 35(7) புதிதாகச் சேர்ந்தது, பழைய சட்டத்தில் இணை இல்லை. பழையதைப் பார்த்துப் புதியதை எழுதினால் இது கண்ணில் படவே படாது.

அதனால் இரண்டு திசையிலும் பாருங்கள். பழைய சுற்றறிக்கையிலிருந்து புதிய சட்டத்துக்கு ஒருமுறை. பிறகு பி.என்.எஸ்.எஸ்.-ஐ எடுத்துக்கொண்டு, பிரிவு பிரிவாக "இதற்கு நம்மிடம் ஏதாவது அறிவுறுத்தல் இருக்கிறதா?" என்று ஒருமுறை. இரண்டாவது சுற்றில்தான் ஓட்டைகள் தெரியும்.

ரைட்டர் (நிலைய எழுத்தர்) மேசை

மேலே சொன்னது சரி. ஆனால் வேலையைப் படிவங்களிலிருந்து தொடங்குங்கள் சார். நிலையத்தில் யாரும் சுற்றறிக்கையைப் பார்த்து நோட்டீஸ் எழுதுவதில்லை. மேசையில் இருக்கும் அச்சுக் கட்டு எதுவோ, கணினியில் சேமித்த பழைய கோப்பு எதுவோ, அதுதான் நடைமுறை. சுற்றறிக்கையைத் திருத்திவிட்டு அந்த அச்சுக் கட்டை அங்கேயே விட்டால் எதுவும் மாறாது.

முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியவை: 41ஏ நோட்டீஸ் (கைது செய்யாமல் விசாரணைக்கு வரச்சொல்வது, இப்போது 35(3)), கைதுக் குறிப்பாணை, கைதுக் காரணம் தெரிவிக்கும் படிவம், ரிமாண்ட் (காவலில் வைக்கக் கோரும்) அறிக்கை, சோதனை மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு), மின்னணுச் சாட்சியச் சான்று. கடைசியில் சொன்னதில்தான் வழக்கு அதிகம் அடிபடும். பழைய 65பி சான்று ஒரே பக்கம். பி.எஸ்.ஏ. 63(4)-க்கான அட்டவணையில் இரண்டு பகுதிகள்: சாதனத்துக்குப் பொறுப்பானவர் நிரப்பும் 'ஏ', நிபுணர் நிரப்பும் 'பி'. இரண்டிலும் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு), எந்த முறையில் அது எடுக்கப்பட்டது என்பதும் குறிக்கப்பட வேண்டும். பதிவைப் பென் டிரைவில் ஏற்றும்போதே ஹேஷ் எடுக்கச் சொல்லி அறிவுறுத்தலில் எழுதுங்கள். இறுதி அறிக்கை தயாரிக்கும்போது எடுத்தால், நடுவில் இருந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

35(3) நோட்டீஸ் பற்றி ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று பழைய மெமோ எதிலாவது இருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழியில் இந்த நோட்டீஸைச் சார்வு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

சோதனைக்கு பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு. பொருள் பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் உட்பட ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி நீதித்துறை நடுவர் உள்ளிட்ட உரிய நடுவருக்கு அனுப்ப வேண்டும். "வீடியோ எடுக்கவும்" என்ற ஒற்றை வரி போதாது. யார் போன், பதிவை யார் எதில் மாற்றுவது, நீதிமன்றக் காவலரிடம் எந்த உறையில் போவது, எந்தப் பதிவேட்டில் குறிப்பது என்று நான்கையும் எழுதினால்தான் நடக்கும்.

மாவட்டக் கோப்பு

நன்றி. படிவங்களை முதலில் எடுக்கிறேன். பழைய வழக்குகள் இன்னும் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் உள்ளன. அவற்றுக்குப் பழைய படிவமா, புதியதா?

சட்டப்பிரிவு மேசை

இரண்டு தேதிகளைத் தனித்தனியே பாருங்கள். குற்றம் நடந்த தேதி 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் குற்றப்பிரிவு ஐ.பி.சி. வழக்கும் அதற்கு முன்பே பதிவாகி நிலுவையில் இருந்தால், பி.என்.எஸ்.எஸ். 531-இன் பாதுகாப்புப்படி விசாரணையும் சி.ஆர்.பி.சி. வழியிலேயே தொடரும். குற்றம் முன்பு, பதிவு பின்பு என்றால் குற்றப்பிரிவு ஐ.பி.சி., நடைமுறை பி.என்.எஸ்.எஸ். இந்தக் கலப்பு வகையில்தான் நிலையங்கள் தடுமாறும், அதனால் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள். அடிதடிப் புகாரில் வழக்கமாக வரும் 294(பி), 323, 324, 506(2) ஆகியவற்றுக்கு எதிரே 296(பி), 115(2), 118(1), 351(3) என்று சிறு பட்டியலும் வையுங்கள். அன்றாடம் கை போவது அங்கேதான்.

இதனாலேயே மொத்த ரத்து கூடாது. பழைய சுற்றறிக்கையை மூன்றாகப் பிரிக்கலாம்: முழுதும் ரத்து, நிலுவை வழக்குகளுக்கு மட்டும், திருத்தத்துடன் தொடர்வது. சுற்றறிக்கை பழையது என்பதற்காக அதற்கு அடிப்படையான தீர்ப்பும் போய்விடாது. கைது வழிகாட்டுதலுக்கு டி.கே. பாசு, முதல் தகவல் அறிக்கைக்கு லலிதா குமாரி (2013), ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் கைதுக்கான சரிபார்ப்புப் பட்டியலுக்கு அர்னேஷ் குமார் (2014) ஆகிய மூன்றும் அப்படியே நிற்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் 6 தீர்ப்பையும் சேருங்கள். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உடனே தர முடியாத நிலையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வேற்று மாநிலத் தொழிலாளர் அதிகமுள்ள நிலையங்களில் இந்தி, வங்காளம், ஒடியா வடிவங்களை இப்போதே தயார் செய்து வைப்பது நல்லது. நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார்.

சி.எஸ்.ஆர். (வழக்காகப் பதியாமல் புகாரைக் குறித்து ரசீது தரும் பதிவேடு) பற்றிய பழைய மெமோக்களைக் கவனமாகப் படியுங்கள். 173(3)-இன்படி பூர்வாங்க விசாரணை என்பது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. முன் அனுமதியோடு, 14 நாளுக்குள். புகாரை சி.எஸ்.ஆர்.-இல் போட்டுக் காலவரையின்றி வைத்திருக்க இடம் தரும் வாசகம் எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். புகார் கொடுத்தவர் அதனால்தான் மாதக்கணக்கில் அலைகிறார்.

தணிக்கைக் குறிப்பு

மூன்றாவது கேள்விக்கு. ஒரு மூலப்பதிவேடு தொடங்குங்கள். வரிசை எண், பொருள், நடைமுறைக்கு வந்த தேதி, எந்தப் பழைய எண்ணுக்குப் பதில், சட்டப்பிரிவு அல்லது தீர்ப்பு, பொறுப்பு அதிகாரி, அடுத்த மறுஆய்வுத் தேதி. இந்த ஏழு பத்திகள் போதும். பொறுப்பு அதிகாரி என்ற இடத்தில் பதவியைப் போடுங்கள், பெயர் வேண்டாம். மாறுதல் வந்ததும் பெயர் பயனற்றுப் போகும்.

"எதற்குப் பதில்" என்ற பத்தியை வெற்றாக விடவே கூடாது. புதிய சுற்றறிக்கை பழையதைப் பெயர் சொல்லி ரத்து செய்யாவிட்டால் இரண்டும் உயிரோடு இருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தனக்கு வசதியானதை எடுப்பார். நிலையப் பிரதிகளைத் திரும்பப் பெறுங்கள். மாவட்ட அலுவலகத்தில் மட்டும் ஒரு பிரதி, "ரத்து" முத்திரையும் தேதியும் இட்டு, நிரந்தரமாக இருக்கட்டும். சம்பவ நாளில் எது அமலில் இருந்தது என்று நீதிமன்றமோ துறை விசாரணையோ கேட்கும்.

அதிகார வரம்பையும் பாருங்கள். தமிழ்நாடு காவல் நிலையாணைகளை மாவட்டச் சுற்றறிக்கையால் திருத்த முடியாது. முரண்பாடு தென்பட்டால் அதைத் தனியாகக் குறித்து டி.ஜி.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை சட்டம் சொல்வதை மட்டும் மேற்கோள் காட்டும் சுற்றறிக்கை போதும்.

நாட்காட்டிப்படி ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்பது கைது, காவல், சோதனை விஷயங்களுக்குத் தாமதம். அவற்றுக்கு மூன்று மாதம். இடையில் அரசிதழ் அறிவிப்பு, உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மனித உரிமை ஆணையப் பரிந்துரை எது வந்தாலும் ஏழு நாளுக்குள் "மாற்றம் தேவையா" என்ற ஒருவரிக் குறிப்பு கோப்பில் ஏறட்டும். தேவையில்லை என்றாலும் எழுதுங்கள்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு வாட்ஸ்அப் நீலக்குறி சான்று ஆகாது. ரோல் காலில் வாசித்து, பொது நாட்குறிப்பில் குறித்து, தனிப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குங்கள். விடுப்பிலும் பந்தோபஸ்திலும் இருப்பவர்கள் விடுபடுவார்கள், அவர்களுக்குத் திரும்பிய நாளில் கையொப்பம். அனைத்து மகளிர் காவல் நிலையம், ஆயுதப்படை, கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றை விநியோகப் பட்டியலில் விடாதீர்கள்.

நேரில் போய்ச் சரிபார்க்க இரண்டு இடங்கள். ஒன்று, கைதானோர் விவரப் பலகை. பி.என்.எஸ்.எஸ். 37-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் இதற்குப் பொறுப்பு. நம்மிடம் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சார்பு ஆய்வாளர்) அல்லது எஸ்.ஐ. பதவியைக் குறிக்க வேண்டும். இன்னொன்று சி.சி.டி.வி. உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் 2 தீர்ப்பு 18 மாதச் சேமிப்பைக் கேட்கிறது, எந்நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. 30 நாளில் அழிந்துவிடும் பழைய கருவிக்காக எழுதிய மெமோ இன்னும் சுவரில் ஒட்டியிருக்கும், அதைக் கிழியுங்கள்.

தொகுப்பு முடிந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(பி)-இன்படி மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டியிருக்கும். உளவு, பந்தோபஸ்து தொடர்பானவற்றை எழுதும்போதே தனி இணைப்பாக வைத்துவிட்டால், பிறகு பக்கம் பக்கமாகக் கருப்பு மை பூச வேண்டியிருக்காது.