தமிழ்க் கோப்புப் பேரை கிட் எண்ணாகக் கக்குவது சரியாம்!

கருந்திரை:
பக்கத்து இழையில பழைய டெர்மினல் அண்ணன் அருள்வாக்கு: "எரர் மெசேஜில் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறி தவிர வேறெதுவும் வரக் கூடாது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர் அனுபவிக்கட்டும்." படிச்சதுலேருந்து பத்திக்கிட்டு வருது.

நேத்து ராத்திரி கிட்-ல (நிரல்ல செய்யுற மாற்றங்களைக் கணக்கு வெச்சுக்கிற கருவி) மெர்ஜ் கான்ஃப்ளிக்ட், ரெண்டு மாற்றம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு. கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா இது வருது:

"\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215"

'தமிழ்'னு பேர் வெச்ச ஃபைல்ங்க அது. மூணு எழுத்துக்கு 15 எண், பைட்டுக்கு ஒண்ணு, அதுவும் எட்டடிமான எண்ணா. சரின்னு அதையே காப்பி பண்ணி கிட் ஆட்-ல ஒட்டினா, அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். தானே காட்டின பேரு தனக்கே தெரியல.

பழைய டெர்மினல்:
கிட்டில் கோர்.க்வோட்பாத் (core.quotePath) என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே வரும். கையேட்டைத் திறக்காமல் நடுராத்திரியில் மெர்ஜ் செய்தால் இப்படித்தான்.

கருந்திரை:
அது எனக்கும் தெரியும். டீஃபால்ட் ஏன் ட்ரூ?

பழைய டெர்மினல்:
பாதுகாப்பு, தம்பி. கோப்புப் பெயருக்குள் 27-ஆம் எண் எஸ்கேப் பைட்டை ஒளித்து வைத்தால் உங்கள் திரையையே அழித்துவிடலாம்.

கருந்திரை:
கையேட்டைப் படிக்கச் சொன்னவர் அடுத்த வரியையும் படிச்சிருக்கலாம். கன்ட்ரோல் எழுத்து, இரட்டை மேற்கோள், பேக்ஸ்லாஷ் மூணையும் இந்த ஸ்விட்ச் எப்படி இருந்தாலும் கிட் மறைச்சுத்தான் காட்டும். உங்க 27 எப்பவும் வெளிய வராது. ஸ்விட்ச் 127-க்கு மேல இருக்குற பைட்டுக்கு மட்டும். அதாவது நமக்கு. டீஃபால்ட் ஏன் ட்ரூ?

நள்ளிரவு டீ:
ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கட்டளை எவ்வளவோ தேவலாம். மொழி எதுவும் அமைக்காத சி லோகேல்ல அதுவும் எண்ணாத்தான் காட்டுது, ஆனா டாலர் போட்டு ஒற்றை மேற்கோளுக்குள்ள. அப்படியே பாஷ் கட்டளை வரியில ஒட்டினா வேலை செய்யும். பைத்தான்ல பிழைச் செய்தி போற ஸ்டாண்டர்ட் எரருக்கு மட்டும், காட்ட முடியாத எழுத்தை எண்ணாக்குற பேக்ஸ்லாஷ் ரீப்ளேஸ் போட்டு வெச்சிருக்காங்க. பிழையைச் சொல்லப் போய் அதுவே இன்னொரு பிழையில சாகக் கூடாதுன்னு.

பழைய டெர்மினல்:
பைத்தானை யார் கேட்டார்? பேச்சு டெர்மினலைப் பற்றி. யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'ச' என்ற எழுத்தின் மூன்றாவது பைட் 154. 1983-இல் வந்த விடி220 போன்ற 8 பிட் டெர்மினலில் 128 முதல் 159 வரை கட்டளை எண்கள். யூடிஎஃப்-8 தெரியாத டெர்மினலுக்கு உங்கள் 'சட்டம்' ஒரு கட்டளை. இதெல்லாம் தெரிந்தவர்கள் போட்ட டீஃபால்ட் அது.

கருந்திரை:
1983 டப்பாவை யார் வீட்டுல வெச்சிருக்கா? மியூசியத்துல ஓடுற டெர்மினலுக்காக என் லேப்டாப்ல டீஃபால்ட் ஏன் ட்ரூ?

பழைய டெர்மினல்:
இன்னும் ஒன்று. ஒரு வாடிக்கையாளர் இடத்தில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் கோப்பு. எல்எஸ் அடித்தால் தெரிகிறது, ஸ்கிரிப்ட் ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை". பிழைச் செய்தியில் இருந்த பெயருக்கும் எல்எஸ் காட்டிய பெயருக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அரை நாள் போயிற்று. கடைசியில் எண்ணாக்கிப் பார்த்தேன். ஒன்றில் \340\256\270, மற்றதில் \340\256\266. முதலாவது ஸ. இரண்டாவது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே 'ஸ்ரீ'யாகத்தான் வரும். அந்த எண்கள்தான் என்னைக் காப்பாற்றின. தமிழ் காப்பாற்றவில்லை.

வல்லின ஒற்று:
'திரு' என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்ரீ தமிழா?

நள்ளிரவு டீ:
ஆரம்பிச்சிட்டாருய்யா.

கருந்திரை:
அண்ணே, உங்க ஸ்ரீ கதை நல்ல கதை. ஆனா எண் வேணும்னா நீங்க கேட்டு வாங்கிக்கலாமே. வேணாம்னு நான் ஏன் கேட்கணும்? திரும்பவும் அங்கதான் வர்றேன், டீஃபால்ட்

பழைய டெர்மினல்:
ஏன் ட்ரூ. படித்துவிட்டோம். கிளிப்பிள்ளை.

வல்லின ஒற்று:
2010-லேயே தமிழக அரசு டேஸ்-16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்றது. நீங்கள் யாரும் சீந்தவில்லை. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியீடு. 'தமிழ்' மூன்றோடு முடிந்திருக்கும்.

நள்ளிரவு டீ:
யூடிஎஃப்-8-ல அந்த மூணும் ஆளுக்கு மூணு பைட். மொத்தம் 9. ஒம்பதும் 127-க்கு மேல. கிட் அதையும் எண்ணாத்தான் கக்கும். 15-க்குப் பதிலா 9, சந்தோஷமா?

வல்லின ஒற்று:
ஆறு எண் மிச்சம். தமிழனுக்கு அதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

பழைய டெர்மினல்:
டேஸ் பற்றி என்னிடம் பேச வேண்டாம். அப்போது நான் எழுதிய மாற்றி நிரலை வாங்கிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாதவர் நீங்கள்.

வல்லின ஒற்று:
அது ஓடியிருந்தால் சொல்லியிருப்பேன். 'ஔ' வந்தாலே செத்துவிழும்.

பழைய டெர்மினல்:
நீங்கள் ஒ-வையும் ள-வையும் தனித்தனியாகத் தட்டினால் அது ஔ ஆகாது. அன்றைக்கே சொன்னேன்.

கருந்திரை:
அண்ணே, கிட்

பழைய டெர்மினல்:
இரு தம்பி. இந்த ஔ விஷயத்தை முதலில் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.