மோப்பப் பயிற்சி முதலிலா, காரணம் முதலிலா?

சாய்ந்தகாது (மட்டுறுத்துநர்)

விவாதத்துக்கு ஒரு நிலைமை. 3 வயது ஆண் நாய், கலப்பினம், 22 கிலோ. கடந்த 2 மாதத்தில் மூன்று பழக்கங்கள் புதிதாக வந்திருக்கின்றன. வீட்டில் ஆளில்லாதபோது கதவுச் சட்டத்தைப் பிறாண்டிக் கடிக்கிறது. படுத்திருக்கும்போது யாராவது கிட்டே போனால் உறுமுகிறது. நடைக்குக் கூட்டிப்போனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. பார்த்த பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான்: "மூளைக்கு வேலை இல்லை. தினமும் மோப்பப் பயிற்சி கொடுங்கள், எல்லாம் அடங்கிவிடும்." மோப்பப் பயிற்சி என்றால் ஒளித்து வைத்த உணவையோ வாசனையையோ நாயை மூக்கால் தேட வைப்பது. இந்த ஆலோசனை சரியா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்றும் எழுதுங்கள்.

ஈரமூக்கு

சரியான ஆலோசனைதான். நாயின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் 20 கோடிக்கு மேல். மனிதனுக்கு 50, 60 லட்சம். மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை வரை காற்றை இழுத்து விடுகிறது. இப்படியொரு மூக்கை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா கிடந்தால் கதவைத்தான் கடிக்கும்.

நாய் நடத்தை ஆய்வாளர்கள் டுரான்டன், ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 20 நாய்கள், இரண்டு குழு. ஒரு குழுவுக்கு மோப்ப வேலை, இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஒட்டி நடக்கும் பயிற்சி, இரண்டு வாரம். உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி மோப்பக் குழு முன்பைவிட வேகமாகப் போனது. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. நல்லதை எதிர்பார்க்கிற மனநிலை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொடங்குவதும் எளிது. ஒரே அளவில் 6 முதல் 8 அட்டைப்பெட்டி, மூடி திறந்தபடி. ஒன்றில் மட்டும் பட்டாணி அளவில் 3, 4 துண்டு ட்ரீட். நாயை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கண்டுபிடித்ததும் அதே பெட்டிக்குள் இன்னும் இரண்டு துண்டு போடுங்கள். கையில் கொடுத்தால் நாய் பெட்டியை விட்டு உங்கள் கையைத் தேடி வரும். மூன்று, நான்கு சுற்று, மொத்தம் 5 நிமிடம் போதும்.

கருங்கால்

> எல்லாம் அடங்கிவிடும்

இந்த வரிதான் ஆபத்து. வளர்ந்த நாய்க்குத் திடீரென்று மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. படுக்கையில் உறுமல், பாதி வழியில் உட்காருதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வலி இல்லை என்று உறுதியாகும்வரை இது வலிதான்.

கால்நடை நடத்தை நிபுணர் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020-இல் எழுதிய கட்டுரையில், நடத்தை நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களில் குறைத்துச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். இந்த மூன்று அறிகுறிகளைக் கேட்டுவிட்டு "பெட்டி வாங்குங்கள்" என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார் என்றால் அவர் நாயைப் பார்க்கவில்லை, தன் பாடத்திட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் காட்டிய 2019 ஆய்வு வீட்டு நாய்களின் எதிர்பார்ப்பை அளந்தது. கதவைக் கடிக்கும் நாய்க்குச் சிகிச்சை அளித்த ஆய்வு அல்ல அது. அதை வைத்து இதை நிரூபிக்க முடியாது.

ஈரமூக்கு

மருத்துவரிடம் போகாதே என்று யார் சொன்னது? அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை நாய் என்ன செய்யும்? மோப்ப வேலையில் ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். அடிபட்ட நாய்க்கும் கிழநாய்க்கும் கொடுக்கக்கூடிய விளையாட்டு இது. தவிர, தேடும் விதத்திலேயே நாய் தன் நிலையைச் சொல்லிவிடும். மனது சரியில்லாத நாய் தேடாது, ட்ரீட்டையும் தொடாது. இதைவிட எளிய சோதனை என்ன இருக்கிறது?

கருங்கால்

இரண்டும் பாதி உண்மை.

குதிக்க வேண்டாம்தான். ஆனால் தரையில் இருக்கும் பெட்டிக்குள் தலையை விட்டால் உடல் எடை முன்னங்காலுக்குப் போகிறது, கழுத்து வளைகிறது. கழுத்து வலியுள்ள நாய்க்கு இதுதான் கடினமான நிலை. கிண்ணத்தில் குனிந்து சாப்பிடவே தயங்கும் நாய்கள் உண்டு. வழவழப்பான தரையில் பின்னங்கால் விலகினால் முழங்கால் தசைநாரில் சிறு கிழிசல் இருக்கிற நாய்க்கு இன்னும் மோசம். செய்தே ஆக வேண்டும் என்றால் பாய் விரியுங்கள், பெட்டியை நாயின் மார்பு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள்.

சாப்பிடாத நாய் பதற்றத்தில் இருக்கலாம், சரி. ஆனால் சாப்பிடுகிற நாய் நிம்மதியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பயத்தில் அள்ளி விழுங்கும் நாய்கள் ஏராளம். துண்டை மெதுவாக எடுக்கிறதா, விரலோடு கவ்வுகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

மருத்துவருக்குக் காட்ட வீடியோ எடுங்கள். தெரியாத இடத்தில் பல நாய்கள் நொண்டலை மறைத்துவிடும். நடை, மெதுவோட்டம் இரண்டையும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுங்கள். படுத்து எழும் முதல் பத்து நொடி முக்கியம். உட்காரும்போது ஒரு கால் வெளியே நீட்டுகிறதா என்றும் பாருங்கள். காது, பல், குத சுரப்பி மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. இபுப்ரோஃபென் சாதாரண அளவிலேயே நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வேட்டையன்

எதுக்கு இவ்வளவு சுத்தல்? நாய் தன்னைத் தலைவன்னு நினைக்குது. உறுமினா அந்த இடத்துலயே அடக்கணும்.

கருங்கால்

அந்தக் கருத்து விலங்கு நடத்தை ஆய்வாளர் ஷெங்கல் 1947-இல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார். நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். உறுமலுக்கு அடித்தால் உறுமல்தான் போகும், வலி அங்கேயே இருக்கும். அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும்.

பெட்டி ஏழு

இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். "மோப்பப் பயிற்சி செய்தோம், பலன் இல்லை" என்பவர்களும் "பலன் கிடைத்தது" என்பவர்களும் செய்தது மோப்பப் பயிற்சிதானா? பாதிப்பேர் நாய்க்குக் கற்றுக்கொடுப்பது எசமானின் முகத்தைப் படிக்க.

2011-இல் ஆய்வாளர் லிசா லிட் குழுவினர் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. துப்பறியும் வேலை செய்யும் 18 ஹேண்ட்லர்-நாய் இணைகள் (ஹேண்ட்லர் என்பவர் நாயை நடத்திச் செல்பவர்), 144 தேடல்கள். எங்கேயும் இலக்கு வாசனை வைக்கப்படவில்லை. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் வாசனை இருக்கும் என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லப்பட்டது. "நாய் காட்டிவிட்டது" என்ற அறிவிப்பு 225 தடவை வந்தது. வந்திருக்க வேண்டியது பூஜ்யம். நாய் தவறு செய்ததா, மனிதர் தவறாகப் படித்தாரா என்பது வேறு விவாதம். கயிறைப் பிடித்தவருக்கு விடை தெரிந்தால், அல்லது தெரிந்ததாக அவர் நினைத்தால், முடிவு கெட்டுவிடும் என்பது நிச்சயம்.

வீட்டில் நடப்பதும் இதுதான். ட்ரீட் இருக்கும் பெட்டி அருகே கால் தயங்கும், கை பைக்குள் போகும், மூச்சு நிற்கும். நாய் மூன்றாம் நாளே இதைப் பிடித்துவிடும். ஆகவே ஒருவர் ஒளித்து வைக்க வேண்டும், மற்றவர் தெரியாமல் நாயோடு வர வேண்டும். வைத்தவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். அவர் கண்ணும் பேசும்.

உணவிலிருந்து குறிப்பிட்ட வாசனைக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு கண்ணாடி ஜாடியில் சிறு துண்டுத் துணி, அதில் கிராம்பு எண்ணெய் இரண்டே சொட்டு. காட்டன் பட்ஸைப் பாதியாக வெட்டி, துணியில் படாமல் தனியே அதே ஜாடிக்குள் வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். ஆவியே போதும். எண்ணெயில் தோய்த்த பட்ஸ் நாய்க்கு அறைமுழுக்க ஒரே இரைச்சல். மூலம் எங்கே என்று அதற்குப் புரியாது. பிறகு ஒரு பட்ஸை இடுக்கியால் எடுத்து, துளையிட்ட சிறு தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். நாயின் நாக்கு எண்ணெயில் படவே கூடாது.

ஆரம்பத்தில் டப்பாவின் மேல் ட்ரீட். நாய் நேராக அங்கே போகத் தொடங்கியதும் ட்ரீட்டை எடுத்துவிட்டு, மூக்கு டப்பாவில் ஒரு நொடி நின்றதும் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) அல்லது ஒரு சொல், உடனே டப்பாவின் அருகிலேயே கூலி. ஒரு நொடியை இரண்டு, மூன்று என்று நீட்டுங்கள். நாய் உங்களைத் திரும்பிப் பார்த்த பிறகு கிளிக் செய்தால், திரும்பிப் பார்ப்பதைத்தான் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

எல்லாருக்கும் சறுக்குகிற இடம் அசுத்தம். வாசனை வைத்த பெட்டியை மட்டும் கையால் தொட்டு, மற்றவற்றைத் தொடாமல் வைத்தால் நாய் தேடுவது கிராம்பை அல்ல, உங்கள் விரலை. எல்லா டப்பாவிலும் சுத்தமான பட்ஸ் இருக்கட்டும், எல்லாவற்றையும் புதுக் கையுறையோடு ஒரே அளவு தொடுங்கள். வாசனை பட்ட பெட்டிக்கு அடியில் குறி போட்டுத் தனியே வைத்துவிடுங்கள், அது இனி வெற்றுப் பெட்டியாக வரவே கூடாது. குறி போட்டால் வெற்றுப் பெட்டிகளிலும் அதே பேனாவால் ஏதாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் மையே வாசனையாகிவிடும்.

வைத்தவுடன் தேட விடாதீர்கள், 10, 15 நிமிடம் பரவட்டும். மின்விசிறி ஓடினால் வாசனை எதிர்ச்சுவர் மூலையில் போய்த் தேங்கும். நாய் அங்கே சுற்றினால் அது பொய் சொல்லவில்லை, மூலத்தை நோக்கிக் காற்றைப் பின்தொடர அதற்கு நேரம் கொடுங்கள். மூச்சிரைக்கிற நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. வெயிலில் ஓட்டிவிட்டுத் தேட வைப்பது வீண்.

ஈரமூக்கு

பெட்டி ஏழு சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் இது போட்டிக்கும் பணிக்கும் போகிற நாய்க்கான தரம். வீட்டில் மன ஓய்வுக்காகச் செய்கிறவர்கள் உணவுத் தேடலோடு நின்றாலே போதும், கிராம்பும் கையுறையும் தேவையில்லை.

பெட்டி ஏழு

நிற்கலாம். ஆனால் "ஓய்வு" என்ற சொல்லைச் சோதித்துப் பாருங்கள். பெட்டியைக் கிழிப்பது, குரைப்பது, முடிந்தபிறகும் அறையைச் சுற்றித் தேடிக்கொண்டே இருப்பது எல்லாம் கிளர்ச்சி. தேடல் முடிந்து பத்து நிமிடத்துக்குள் நாய் படுக்கவில்லை என்றால் சுற்றுகளைக் குறையுங்கள், ட்ரீட்டைச் சாதாரணமானதாக மாற்றுங்கள், பெட்டிக்குப் பதில் புல்லில் தூவுங்கள்.

புதுவரவு

ஒரு சந்தேகம். வெளியே கிளம்பும்போது ட்ரீட்டை வீடு முழுக்க ஒளித்துவிட்டுப் போனால் கதவைக் கடிக்காது இல்லையா?

ஈரமூக்கு

அலுப்பில் கடிக்கிற நாய்க்குக் கண்டிப்பாக வேலை செய்யும். செய்யுங்கள்.

கருங்கால்

அலுப்பா பீதியா என்று தெரியாமல் செய்யாதீர்கள். கதவை நோக்கி ஒரு கேமரா வைத்து முதல் 40 நிமிடத்தைப் பதிவு செய்யுங்கள். அலுத்த நாய் முதலில் தூங்கும், பிறகு கிடைத்ததைக் கடிக்கும், செருப்பு, தலையணை எதுவாகவும் இருக்கலாம். பீதியடைந்த நாய் சில நிமிடங்களிலேயே தொடங்கும். நடை, இரைப்பு, எச்சில், ஊளை. சேதம் வாசலிலும் ஜன்னலிலும்தான் இருக்கும். ஒளித்த ட்ரீட் நீங்கள் திரும்பி வரும்வரை அப்படியே கிடக்கும்.

பீதி என்றால் ட்ரீட் ஒளிப்பதே "இவர்கள் கிளம்பப் போகிறார்கள்" என்ற அடையாளமாகிவிடும். பிறகு ஆள் இருக்கும்போதும் நாய் மோப்ப விளையாட்டைக் கண்டு நடுங்கும். நல்ல கருவி ஒன்று கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது வேறு. எந்த நொடியில் முதல் அறிகுறி வருகிறது என்று வீடியோவில் பாருங்கள். 40-வது நொடி என்றால் 20 நொடி மட்டும் தனியே விட்டுத் தொடங்குங்கள். நேரத்தை ஏற்றிக்கொண்டே போகாமல் 20, 10, 25, 5 என்று கலையுங்கள். பயிற்சிக் காலத்தில் அதைத் தாண்டித் தனியே விடாமல் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும், கடினமான பகுதி இதுதான். கடுமையான நிலையில் மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் க்ளோமிப்ரமின் அல்லது ஃப்ளுவாக்ஸெடின் மருந்தை எழுதுவார். இரண்டும் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும், பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஈரமூக்கு

சரி, பிரிவுப் பீதியை விடுங்கள். வழியில் வேறு நாயைக் கண்டு குரைக்கிற நாய்க்குப் புல்லில் தூவித் தேட வைப்பதை எதிர்க்க முடியாதே? தலை கீழே போகிறது, முறைத்துப் பார்ப்பது நிற்கிறது.

பெட்டி ஏழு

எதிர்க்கவில்லை, வரிசையைப் பாருங்கள். நாய் எதிரே வரும் நாயைப் பார்த்த பிறகு தூவ வேண்டும். பலர் தூரத்தில் நாயைக் கண்டதும் தாங்கள் முந்திக்கொண்டு தூவுகிறார்கள். பத்துத் தடவை இப்படி நடந்தால், தூவுவதே "இதோ வருகிறது" என்ற எச்சரிக்கை. துண்டு விழுந்ததும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் தேடும் நாய் இந்த வகை. தூரமும் வேண்டும். பார்த்துவிட்டுத் தானாகவே கண்ணை எடுக்க முடிகிற தூரம் எதுவோ, அங்கே நின்று தூவுங்கள்.

சாய்ந்தகாது (மட்டுறுத்துநர்)

முதலில் சொன்ன நாயை வளர்ப்பவர் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் தினம் இரண்டு சுற்று உணவுத் தேடல் செய்யலாமா என்று கேட்கிறார். படுக்கைக்கு அருகே உறுமுகிற நாய் என்பதை மறக்க வேண்டாம்.

கருங்கால்

என்னைக் கேட்டால் பரிசோதனை முடியும்வரை வேண்டாம்.

ஈரமூக்கு

செய்யலாம். பாய் விரித்து, உயரத்தில் வைத்து, படுக்கை இல்லாத அறையில்.

பெட்டி ஏழு

செய்வதானால், நாய் பெட்டிக்குள் தலை விட்டிருக்கும்போது யாரும் அதை எடுக்கப் போகாதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி நாலைந்து துண்டு வீசி, நாய் அங்கே போய் அறைக்கு வெளியே வந்து கதவு மூடிய பிறகு பெட்டியை எடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அது வேறு அறையில்.