காவிரி: 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு இருந்தும் வறட்சி ஆண்டில் எவ்வளவு திறப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கடைமடை கேட்டது:

கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (1 டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16.02.2018 அன்று சொல்லிவிட்டது. அதைச் செயல்படுத்தக் காவிரி மேலாண்மை ஆணையமும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவும் அதே ஆண்டு ஜூனில் வந்துவிட்டன. ஆனாலும் மழை குறைந்த ஆண்டில் சண்டை முதலிலிருந்து தொடங்குகிறது. 2023 செப்டம்பரில் 15 நாளுக்கு நொடிக்கு 5,000 கன அடி என்றார்கள். அந்த 5,000 எந்தக் கணக்கில் வருகிறது? டெல்டா விவசாயிகள் சங்கம் நேரடியாக வழக்குப் போட வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீரளவி பதில்:

முதலில் அலகைச் சரிசெய்துகொள்வோம், பாதிக் குழப்பம் அங்கேதான். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. ஆக, 5,000 கன அடி 15 நாளுக்கு ஓடினால் மொத்தம் 6.48 டிஎம்சி.

மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடத்தில் வந்து சேர வேண்டிய மாத அளவு (டிஎம்சி): ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. கூட்டினால் 177.25.

இது இயல்பான ஆண்டுக்கான அட்டவணை. அப்படிப் பார்த்தால் செப்டம்பரில் நொடிக்குச் சுமார் 14,180 கன அடி வர வேண்டும். 5,000 என்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

குறைப்பதற்குக் குழு எடுக்கும் அடிப்படை கர்நாடகத்தின் நான்கு அணைகள்: கிருஷ்ணராஜசாகர் (49.45 டிஎம்சி), ஹேமாவதி (37.10), கபினி (19.52), ஹாரங்கி (8.50). ஜூன் 1 முதல் இவற்றுக்கு வந்த நீரை 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். வரத்து 40 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் குறைத்தால் ஆகஸ்ட்டின் 45.95 என்பது 27.57 ஆகும், நொடிக்கு 17,156 கன அடி வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10,290 வரும்.

மேலணை பதில்:

நீரளவியின் கணக்கு சரி. ஆனால் உத்தரவாக வரும் எண் அந்த விகிதத்தோடு அப்படியே பொருந்திவிடாது. காரணம் தீர்ப்பிலேயே இருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 05.02.2007 இறுதித் தீர்ப்பு, நீர் குறைந்த ஆண்டில் பங்குகளை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ளச் சொன்னது. எந்தத் தேதியில் பற்றாக்குறை என்று அறிவிப்பது, எந்த அணைகளை வைத்து, அந்த நேரத்து இருப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சூத்திரத்தை அது தரவில்லை. 2018 தீர்ப்பும் தரவில்லை. ஆண்டுதோறும் தகராறு பிறக்கும் இடம் இதுதான்.

கர்நாடகம் சொல்வது: வடகிழக்குப் பருவமழையும் முடிந்து ஜனவரி வந்தால்தான் ஆண்டின் உண்மையான பற்றாக்குறை தெரியும், அதற்கு முன் சொல்ல முடியாது. தமிழ்நாடு சொல்வது: குறுவை ஜூனில் நட்டது, ஜனவரியில் தெரிந்து என்ன பயன்? இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நாற்று தண்ணீரில்லாமல் காயும்போது ஆண்டு இறுதிக் கணக்கால் பயிர் பிழைக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை வரத்தைப் பார்த்து, அந்தப் பத்து நாளின் பங்கை அப்போதே தீர்க்கும் முறையே வேளாண்மைக்குப் பொருந்தும். முந்தைய பத்து நாளின் பாக்கியை எத்தனை நாளில் அடைக்க வேண்டும் என்றும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூலை பாக்கியை மேட்டூர் நிரம்பி வழியும் வெள்ளத்தில் அடைத்ததாகக் கணக்குக் காட்டலாம்.

இன்னொரு சிக்கல் அளவிடும் இடம். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளுக்குக் கீழே பிலிகுண்டுலு வரை பெய்யும் மழையும் ஆற்றில் சேர்கிறது. அதற்கு மதகு கிடையாது. நல்ல மழையென்றால் அணையைக் குறைவாகத் திறந்தே அளவை எட்டிவிடலாம். சுமார் 67 டிஎம்சி கொள்ளளவில் கர்நாடக எல்லைக்குள் மேகதாதுவில் அணை வந்தால் இந்தத் தடையற்ற நீரும் மேல்மாநிலத்தின் கைக்குப் போய்விடும். தமிழ்நாடு அதை எதிர்க்க இதுவே முதன்மைக் காரணம்.

கடைமடை:

நன்றி ஐயா. அப்படியானால் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 404.25 டிஎம்சி என்று சொல்வது?

மேலணை:

அதில் 177.25 மட்டுமே பிலிகுண்டுலுவைத் தாண்டி வர வேண்டியது. மீதி 227 டிஎம்சி பவானி, அமராவதி உள்ளிட்ட நம் எல்லைக்குள் கிடைக்கும் நீர். நான்கு அணைக் கணக்கில் இது வராது. காரைக்காலுக்கான 7 டிஎம்சியைப் புதுச்சேரிக்குக் கொடுக்க வேண்டியதும் நாம்தான். அங்கே மேல்மடை நாம் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டப்பிரிவு பதில்:

வழக்குக் கேள்விக்கு: 1956ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டம், பிரிவு 3இன்படி நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் முறையிடும் உரிமை மாநில அரசுக்கே. தனி விவசாயிக்கோ சங்கத்துக்கோ இல்லை. ஆனால் முறையிட்ட பிறகும் மத்திய அரசு சும்மா இருந்தால் நீதிமன்றம் போகலாம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. தஞ்சை விவசாயிகள் சங்கம் 1983இல் போட்ட மனுவில்தான் உச்ச நீதிமன்றம் 1990 மே மாதம் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவிட்டது. ஜூன் 2 அன்று மன்றம் வந்தது.

இப்போது அளவைக் கூட்டச் சொல்லி மனுப் போட்டால் நிற்பது கடினம். 21.09.2023 அன்று ஆணையத்தின் உத்தரவில் தலையிடவே உச்ச நீதிமன்றம் மறுத்தது. வல்லுநர் குழு எண்களைப் பார்த்துச் சொன்னதை நீதிமன்றம் எளிதில் மாற்றாது. ஆகவே வாதத்தை எண்ணாகவே ஒழுங்காற்றுக் குழுவின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் நம் மாநில உறுப்பினர் வழியாக.

சங்கம் செய்யக்கூடியது இதுதான்: வாய்க்கால் வாரியாக நாற்று விட்ட தேதி, நட்ட ஏக்கர், பயிரின் வயது, தலைமதகில் காலை அளவு மட்டம். இவற்றை வாரந்தோறும் நீர்வளத் துறையின் உதவிச் செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 1 டிஎம்சி என்பது 22,957 ஏக்கர் அடி. ஒரு போகத்துக்கு 4 அடி நீர் என்று வைத்தால் சுமார் 5,740 ஏக்கருக்கு ஆகும். "இத்தனை ஏக்கர் பூட்டைப் பருவத்தில் (கதிர் வரும் நிலையில்) நிற்கிறது, இத்தனை நாளில் இத்தனை டிஎம்சி வேண்டும்" என்று எழுதினால் அதிகாரி அதை அப்படியே எடுத்துச் செல்வார். கடைமடைக்கு வரவில்லை என்று மட்டும் எழுதினால், முறைப்பாசனத்தில் தலைமடைக்காரர் கூடுதலாக எடுத்தாரா, ஆற்றிலேயே வரத்து இல்லையா என்று பிரித்துச் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.