ஆர் நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் தான் இருக்கும் ஃபோல்டரைத் தானே அறிவது எப்படி?

கேள்வி:
ஸ்கிரிப்டும் சிஎஸ்வி ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டருக்குள் போய் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளை கொடுத்தால் ஓடுகிறது. கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) போட்டால் ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. நடப்பு ஃபோல்டரைச் சொல்லும் கெட்டபிள்யூடி() ஹோம் ஃபோல்டரைக் காட்டுகிறது. மூன்று கணினிகளில் ஓட வேண்டும் என்பதால் முழுப் பாதையை நிரலில் எழுத விருப்பமில்லை.

பதில் 1:
ஆர் எந்த இடத்திலிருந்து கிளப்பப்பட்டதோ அதைத்தான் கெட்டபிள்யூடி சொல்லும். ஸ்கிரிப்ட் எங்கே கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கிரான் ஹோமிலிருந்து கிளப்புகிறது, அவ்வளவுதான்.

ஆரைக் கிளப்பிய கட்டளையின் சொற்களைத் தரும் கமாண்ட்ஆர்க்ஸ்() கூப்பிடுங்கள். அதன் டிரெயிலிங்ஒன்லி அமைப்பை ட்ரூ ஆக்கிவிடாதீர்கள், தேடுகிற உறுப்பே வராது. கிடைக்கும் வெக்டரில் (மதிப்புகளின் வரிசை) '--ஃபைல்=' என்று தொடங்குவதை கிரெப்பால் எடுத்து, முன்னொட்டை சப்பால் வெட்டி, நார்மலைஸ்பாத் (முழுப் பாதையாக்கும்), பிறகு டிர்நேம் (ஃபோல்டரை மட்டும் தரும்). சிஎஸ்வி பெயரை ஃபைல்.பாத் கொண்டு ஒட்டினால் முடிந்தது. இதை முதல் வரிகளிலேயே செய்யுங்கள். வருவது சார்புப் பாதையாக இருந்து, நடுவில் யாராவது செட்டபிள்யூடி போட்டுவிட்டால் நார்மலைஸ்பாத் வேறெங்கோ தேடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் லினக்ஸில், மேக்கில் பாதையில் இடைவெளி இருந்தால் அது '~+~' என்று மாறி வரும். ஜிசப்பால் மீண்டும் இடைவெளியாக்குங்கள். ஃபிக்ஸ்டு = ட்ரூ மறக்கக் கூடாது, கூட்டல் குறி ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) வேறு பொருள் தரும். ஸ்கிரிப்டை '<' குறியால் ஆருக்குள் தள்ளினால் பாதை எங்கும் பதிவாகாது, அந்தப் பழக்கமே வேண்டாம்.

கேட்டவர்:
கிரானில் ஓடுகிறது, நன்றி. ஆர் நிரல் எழுதும் மென்பொருளான ஆர்ஸ்டூடியோவில் சோர்ஸ் பட்டனை அழுத்தினால் வெற்று வெக்டர்தான் வருகிறதே?

பதில் 1:
அங்கே ஓடுவது ஆர்ஸ்கிரிப்ட் அல்ல, சோர்ஸ்(). அது பாதையை 'ஓஃபைல்' என்ற மாறியில் தன் ஃபிரேமுக்குள் (ஓடும்போது தன் மாறிகளை வைத்திருக்கும் இடம்) வைத்திருக்கும். சிஸ்.ஃபிரேம்(1)$ஓஃபைல் என்று பலரும் எழுதுவார்கள். ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றை சோர்ஸ் செய்தால் அது வெளியே இருப்பதன் பாதையைத் தரும். சிஸ்.ஃபிரேம்ஸ்() பட்டியலைக் கடைசியிலிருந்து பார்த்து, ஓஃபைல் உள்ள முதல் ஃபிரேமை எடுங்கள். கன்ட்ரோல்-என்டரில் வரிவரியாக ஓட்டும்போது இதுவும் இருக்காது. அப்போது ஆர்ஸ்டூடியோஏபிஐ தொகுப்பின் கெட்சோர்ஸ்எடிட்டர்கான்டெக்ஸ்ட்()$பாத். சேமிக்காத ஃபைலுக்கு அது வெற்றுச் சரம்.

பதில் 3:
மூன்றையும் இஃப்-எல்ஸில் அடுக்குவதற்குப் பதிலாக திஸ்.பாத் தொகுப்பையே நிறுவிக்கொள்ளலாம். ஹியர் தொகுப்பைச் சிலர் சொல்வார்கள். அது புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரைத் தருவது, ஸ்கிரிப்டின் பாதையை அல்ல. அதுவும் ஓட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித்தான் தேடும், ஆகவே ஹோமிலிருந்து கிளப்பும் கிரானுக்கு உதவாது.