ஏழடிக் கல்காலுக்கு ஒன்றரை அடிக் குழி போதுமாம்!

பண்ருட்டி பலா:
நேற்று "பாகூர் ஏரிக்கரை" என்ற பெயரில் எழுதுகிறவர் வேலிக்கு நடும் கல்தூண் பற்றி இங்கே எழுதியதைப் படித்தேன். "ஏழடிக் கல்காலுக்கு ஒன்றரை அடிக் குழி போதும், மாடு முட்டினாலும் அசையாது" என்று. ஒன்றரை அடி உள்ளே, ஐந்தரை அடி வெளியே. இது வேலியா, ஆடுகிற பல்லா? காலின் உயரத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணுக்குள் போக வேண்டும். ஏழடிக்கு இரண்டடியாவது வேண்டும், இரண்டரை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். புதிதாக ஆடு மாடு வாங்குகிற பிள்ளைகள் இதை நம்பிக் காசைக் கரைக்கப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன்.

பாகூர் ஏரிக்கரை:
என் பெயரைப் போட்டு எழுதியதற்கு நன்றி அண்ணே. ஒன்பது வருஷமாக என் வேலி ஒன்றரை அடியில்தான் நிற்கிறது. எங்கள் மண் களி, காய்ந்தால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊர்ச் செம்மண்ணில் கடப்பாரையே இறங்காது. இரண்டரை அடியைக் கையால் தோண்டினீர்களா, வாயால் தோண்டினீர்களா?

குறிஞ்சிப்பாடி புதுசு:
வணக்கம். என்னிடம் பதினான்கு வெள்ளாடு, ஒரு கறவை மாடு இருக்கிறது. இடம் அரை ஏக்கர். நீங்கள் பேசுவது ஆட்டு வேலியா, மாட்டு வேலியா?

பண்ருட்டி பலா:
பாகூர்த் தம்பி, களிமண் காய்ந்தால் பிடிக்காது, வெடிக்கும். காலைச் சுற்றி உங்கள் விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். ஐப்பசி மழை விழுந்தால் அதே மண் கூழ். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிக் கல் என்ன பிடிப்பில் நிற்கும்? 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்புறம் தென்பெண்ணை உங்கள் பக்கம் ஏறியது. அப்போதும் நின்றதா?

பாகூர் ஏரிக்கரை:
நின்றது.

பண்ருட்டி பலா:
முழுவதுமா?

பாகூர் ஏரிக்கரை:
மூன்று கால் சாய்ந்தது. அது தண்ணீர் அடித்து. மாடு முட்டி அல்ல. நான் எழுதியது மாட்டைப் பற்றி.

பண்ருட்டி பலா:
ஆகா! மாடு முட்டினால் அசையாது, தண்ணீர் தொட்டால் படுத்துக்கொள்ளும். நல்ல வேலி.

கெடிலம் கரை:
ஒரு விஷயம் சொல்கிறேன். மாடு முட்டி வேலி விழுவது குறைவு. கம்பியை முறுக்கி இழுத்த இழுப்பில் மூலைக்கால் உள்பக்கம் சாயும். அது சாய்ந்தால் வரிசை முழுவதும் தொய்யும், தொய்ந்த இடத்தில் ஆடு புகும். அதனால் மூலைக்கால் மட்டும் மூன்றடி. கம்பி இழுக்கும் திசையிலேயே சாய்வாக ஒரு முட்டுக்கால், அதன் அடியில் ஒரு பலகைக்கல். நடுக்கால்களுக்கு எட்டடியிலிருந்து பத்தடி இடைவெளி போதும், குழி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஓடிவிடும்.

பண்ருட்டி பலா:
"முன்பின் இருந்தாலும்" என்று நீங்கள் இழுப்பதைத்தான் பாகூர்த் தம்பி பிடித்துக்கொள்வார். முன்பின் என்றால் இரண்டடிக்கு முன்பின். ஒன்றரைக்கு அல்ல. முட்டுக்கால் பற்றி நானே இங்கே நான்கு தடவை எழுதியிருக்கிறேன், ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடி புதுசு:
ஐயா, ஆடா மாடா என்று கேட்டிருந்தேன். இன்னொன்று, இந்த ஒன்றரை அடி வரப்பின் தலையிலிருந்தா, வயல் தரையிலிருந்தா?

சவுக்குத்தோப்பு:
கல்காலுக்குக் காசு இருப்பவர்கள் பேசுங்கள். எங்கள் கடற்கரை மணலில் குழி தோண்டத் தோண்ட ஓரம் சரிந்து மூடும். நாங்கள் சவுக்குக் கம்புதான் நடுகிறோம். அடி மூன்றடியை நெருப்பில் வாட்டிக் கருக்கி, ஆறிய பிறகு தார் தடவி இறக்குவோம். அப்படியும் மண் மட்டத்தில்தான் இற்றுப்போகும், அடி நன்றாகவே இருக்கும். உப்புக்காற்றில் மட்டமான கம்பி இரண்டே மழைக்காலத்தில் பொரிந்துவிடும், துத்தநாகப் பூச்சு கனமாக உள்ள ஜி.ஐ. கம்பி வாங்குங்கள்.

பண்ருட்டி பலா:
சவுக்கா? கரையானுக்குப் பந்தி வைக்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை ஏறியபோது சவுக்குக் கம்பெல்லாம் எங்கே போனதென்று மறந்துவிட்டதா? எங்கள் தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு படுத்தன. முந்திரித் தோப்பில் நடக்க வழியில்லை. என் கல்கால் வேலியில் மட்டும், மரம் மேலே விழுந்த இரண்டு இடம் தவிர, ஒரு கால் அசையவில்லை. ஏன்? இரண்டரை அடி.

சவுக்குத்தோப்பு:
தானே உங்கள் ஊருக்கு மட்டும் வந்த மாதிரி பேசாதீர்கள். எங்கள் கூரையே போனது. 2015 வெள்ளத்தில் மறுபடி போனது. அப்போதெல்லாம் வேலி எத்தனை அடி என்று டேப் வைத்துக்கொண்டா நின்றோம்?

பாகூர் ஏரிக்கரை:
பலா அண்ணன் சொன்னால் வேதம். போன வருஷம் ஆட்டுக்கொட்டில் ஓரம் உயிர்வேலிக்குக் கல்யாண முருங்கைப் போத்து (நடுகிற கிளைத்துண்டு) நடச் சொன்னது யார்? நட்டேன். பதினைந்தே நாளில் என் ஆடுகள் தளிரையும் பட்டையையும் தின்று மொட்டையடித்தன. வேலி போடச் சொன்னாரா, விருந்து போடச் சொன்னாரா?

பண்ருட்டி பலா:
ஆட்டுக்கு எட்டுகிற பக்கம் நடச் சொல்லவில்லையே! வெளிப்பக்கம் கல்யாண முருங்கை, கிளைரிசிடியா. வெட்டி வெட்டிப் போடலாம், தீவனமும் ஆச்சு. ஆடு உரசுகிற பக்கம் ஆடாதோடை, நொச்சி, கிளுவை. ஆடாதோடையை ஆடு தொடாது, பெயரிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் நட்டது யார் தப்பு? ஒன்றரை அடி ஆசாமிக்கு எல்லாமே அரைகுறைதான்.

வடலூர் வெள்ளாடு:
முள்கம்பி போட்டவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வெள்ளாட்டுக்கு முள்கம்பி கட்டினால் காது கிழியும், மடி கீறும். அதற்குக் கம்பிவலைதான். அதிலும் அரையடிக் கட்டம் வாங்கினால் கொம்புள்ள கிடா தலையை நுழைத்துவிட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் கத்தும். கீழே நெருக்கம், மேலே போகப் போக அகலம் என்று வாங்குங்கள். கம்பியின் தடிமனைச் சொல்கிற கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும். பதினான்கை விடப் பன்னிரண்டு தடிமன். கடைக்காரர் ஒருவர் என்னிடம் தலைகீழாகச் சொல்லி விற்றுவிட்டார்.

குறிஞ்சிப்பாடி புதுசு:
நன்றி ஐயா. பன்றித் தொல்லையும் இருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டுக் கரண்ட்டை நேராகக் கம்பியில் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பண்ருட்டி பலா:
தம்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார். அது குற்றம், ஆள் செத்தால் ஜெயில். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் மிதித்தால் அங்கேயே முடிந்தான். சோலார் வேலி வேறு. அதில் தனிக் கருவி நொடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கிற நேரம்தான் அடிக்கும், தொட்டது துள்ளி விலகும். அதற்கும் கருவியை மண்ணோடு இணைக்கிற எர்த் கம்பி ஈரமண்ணில் ஆழமாக இறங்க வேண்டும். பாருங்கள், அங்கேயும் ஆழம்தான். ஒன்றரை அடியில் எர்த் கம்பி அடித்தால் பாகூர்க்காரர் வேலி கணக்குத்தான்.

பாகூர் ஏரிக்கரை:
எர்த்தையும் விட மாட்டீர்களா? சரி, இன்று காலை சாய்ந்த காலில் ஒன்றைப் பிடுங்கி, மண் ஒட்டிய இடம் வரை டேப் வைத்துப் படம் போட்டிருக்கிறேன். பாருங்கள். 18 அங்குலம்.

பண்ருட்டி பலா:
பார்த்தேன். டேப்பின் கொக்கி கல்லின் அடியில் இல்லை, இரண்டு அங்குலம் மேலே தள்ளி இருக்கிறது. அப்படியானால் உங்கள் குழி இருபது அங்குலம். ஒன்றரை அடி என்று ஊரை ஏமாற்றிவிட்டு நீங்களே இருபது தோண்டியிருக்கிறீர்கள்!

பாகூர் ஏரிக்கரை:
அந்த இரண்டு அங்குலம் அடியில் போட்ட ஜல்லி, கல்லோடு ஒட்டி வந்தது. ஜல்லியைக் குழி ஆழத்தில் சேர்ப்பார்களா?

கெடிலம் கரை:
சேர்க்க மாட்டார்கள்.

பண்ருட்டி பலா:
சேர்ப்பார்கள். குழி என்றால் தோண்டினது. கால் என்றால் நட்டது. நேற்று நீங்கள் எழுதிய வார்த்தை "குழி". மேலே போய்ப் படியுங்கள்.

குறிஞ்சிப்பாடி புதுசு:
ஐயா, படத்தில் அந்தக் கால் வரப்பு மேல்தானே இருந்திருக்கிறது? வரப்பே முக்கால் அடி உயரம் தெரிகிறதே?

பண்ருட்டி பலா:
நான் கேட்டது ஜல்லி. பாகூர்த் தம்பி, பதில் எங்கே?