அப்பா வீட்டுக்குப் போய்வந்தால் மகள் பேசுவதில்லை

கேள்வி – வைகறை
நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஆறு வயது மகள் என்னிடம் இருக்கிறாள், வார இறுதியில் அப்பாவிடம் போகிறாள். திரும்பி வந்தால் தூங்கும்வரை வாய் திறப்பதில்லை. எப்போதோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் வழக்கமும் திரும்பியிருக்கிறது. நேற்று, "நான் அடம்பிடிக்காமல் சாப்பிட்டால் அப்பா வந்துவிடுவாரா?" என்று கேட்டாள். பிள்ளைக்காகவாவது பொறுத்துப் போயிருக்கலாம் என்கிறார் என் அக்கா. அவர் சொல்வது சரிதானா?

பதில் – ஒற்றைப்பனை
என் பெற்றோர் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. உங்கள் மகளின் மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுடன் சிரித்து விளையாடியதைச் சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும். அங்கே அம்மாவின் பெயரை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். யாரையும் நோகடிக்காமல் இருக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி, பேசாமல் இருப்பது.

அதைவிடக் கொடுமை தூது. "பள்ளிக் கட்டணம் இன்னும் வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்." சொன்னால் அவருடைய கோபம் முதலில் என்மேல்தான் விழும். பெரியவர்கள் இருவர் தொலைபேசியில் முடிக்க வேண்டிய பேச்சு அது!

உங்கள் அக்காவுக்கும் ஒன்று: என் பெற்றோர் சேர்ந்திருந்த காலத்தில், கதவு சாத்தப்படும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடுவேன். பிரிந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

பதில் – மனநல ஆலோசகர்
இந்த வயதில் பிள்ளைகள் பிரிவுக்குத் தாங்களே காரணம் என்று நம்புவது வழக்கம். "இது பெரியவர்கள் எடுத்த முடிவு, நீ செய்த எதனாலும் வந்ததல்ல" என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். அப்பா திரும்பி வருவார் என்ற பொய் நம்பிக்கை தர வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் வெளியிட்ட நூலின்படி, மணமுறிவுக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ 25 சதவீதத்தினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. மற்றக் குடும்பங்களில் 10 சதவீதம். இரண்டரை மடங்கு என்று அஞ்சலாம். நான்கில் மூவர் தேறிவிடுகிறார்கள் என்றும் படிக்கலாம். ஓயாத சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரிவு பெரும்பாலும் நன்மையாகவே முடிகிறது என்பது சமூகவியலாளர் பால் அமாட்டோவின் ஆய்வுகளில் தெரிகிறது. சண்டையே கண்ணில் படாத வீட்டில் திடீரென்று வரும் பிரிவுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்குகிறது.

வைகறை
எங்கள் வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அப்பா வீட்டில் நடந்ததை அவளாகவே சொல்லத் தொடங்கினால் நான் என்ன செய்வது?

ஒற்றைப்பனை
காது கொடுங்கள். "வேறு யார் வந்திருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.